டெர்யே ஹோக்கன்சென்

டெர்யே ஹோக்கன்சென் (பிறப்பு: அக்டோபர் 11, 1974) நார்வே நாட்டைச் சேர்ந்த தொழில்முறை ஸ்நோபோர்டிங் வீரர். ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் இறங்கும் இவ்விளையாட்டின் வரலாற்றில் மிக அதிகம் பேசப்படும் பெயர்களுள் ஒன்று அவருடையது. ஹாஃப்பைப் பிரிவில் 1993, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து மூன்று முறை உலகப் பட்டம் வென்றார். 1998-ல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்நோபோர்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, தங்கம் வெல்ல அதிக வாய்ப்புள்ளவர் எனக் கருதப்பட்ட அவர் அப்போட்டியைப் புறக்கணித்தார். ஒரு விளையாட்டு அதை ஆடுபவர்களுக்குச் சொந்தமா, அதை நிர்வகிக்கும் அமைப்புகளுக்குச் சொந்தமா என்ற கேள்வியை அப்புறக்கணிப்பு எழுப்பியது. அக்கேள்வி இன்றும் முடிவுக்கு வரவில்லை.

பிறப்பு, பின்னணி

ஹோக்கன்சென் நார்வேயின் தென்பகுதியிலுள்ள டெலிமார்க் மாநிலத்தில், வின்யே வட்டாரத்தில் வளர்ந்தார். மலைகளும் ஏரிகளும் நிறைந்த, மக்கள்தொகை குறைந்த பகுதி அது. ஆண்டின் பல மாதங்கள் பனி மூடியிருக்கும். அங்கு நடக்கக் கற்ற பிள்ளைகள் அடுத்துக் கற்பது பனிச்சறுக்கு.

டெலிமார்க் பனிச்சறுக்கு வரலாற்றில் தனியிடம் கொண்டது. நவீனப் பனிச்சறுக்கின் தந்தை எனப்படும் சோண்ட்ரே நோர்ஹெய்ம் (1825–1897) இப்பகுதியின் மொர்கெடால் என்னும் சிற்றூரில் பிறந்தவர். குதிகாலையும் சேர்த்துக் கட்டும் பிணைப்பையும், இடையில் ஒடுங்கிய வடிவமுடைய சறுக்குக்கட்டைகளையும் அவர் பரவலாக்கினார். அதுவரை பனியில் பயணம் செய்வதற்கான கருவியாக இருந்த சறுக்குக்கட்டை, அவருக்குப் பின் தாவவும் வளையவும் உதவும் விளையாட்டுக் கருவியாகியது. 1952-ல் ஓஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அதற்கான சுடர் நோர்ஹெய்ம் வாழ்ந்த வீட்டின் அடுப்பிலிருந்தே ஏற்றப்பட்டது.

ஆகவே ஒலிம்பிக் மரபும் பனிச்சறுக்கு மரபும் ஆழமாக வேரூன்றிய மண்ணிலிருந்து வந்தவர் ஹோக்கன்சென். அவ்விரு மரபுகளின் அதிகார அமைப்புகளையும் பின்னாளில் மறுத்தவரும் அவரே.

ஸ்நோபோர்டிங் உருவான விதம்

ஹோக்கன்செனின் நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ள இவ்விளையாட்டு தோன்றிய விதத்தை அறிய வேண்டும். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தன் மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு சறுக்குக்கட்டைகளை ஒன்றாகப் பிணைத்தார். அலைச்சறுக்குபோல நின்றபடியே பனியில் இறங்க உதவிய அப்பலகைக்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயரிடப்பட்டது. அது சந்தைக்கு வந்து லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் அது பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது.

1970களில் டிமித்ரியே மிலோவிச், டாம் சிம்ஸ், ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர் ஆகியோர் தனித்தனியே அப்பலகையை மேம்படுத்தினர். அலைச்சறுக்கிலிருந்தும் ஸ்கேட்போர்டிங்கிலிருந்தும் வடிவங்களையும் அசைவுகளையும் எடுத்துக்கொண்டனர். பர்ட்டன் 1977-ல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய சிறு பட்டறை பின்னர் இத்துறையின் மிகப்பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

தொடக்கத்தில் பெரும்பாலான பனிச்சறுக்கு மையங்கள் இப்பலகையை அனுமதிக்கவில்லை. பலகையுடன் வருபவர்கள் கட்டுப்பாடற்ற இளைஞர்கள், பிறருக்கு ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்டனர். மையங்களின் மின்தூக்கிகளில் ஏற அவர்களுக்கு இடமில்லை. மலைமேல் நடந்தே ஏறினர், இரவில் திருட்டுத்தனமாகச் சறுக்கினர். போட்டிகளைத் தாங்களே நடத்திக்கொண்டனர். 1982-ல் வெர்மான்ட்டின் சூசைட் சிக்ஸ் மலைச்சரிவில் நடந்த தேசிய அளவிலான போட்டியும், 1983-ல் கலிபோர்னியாவின் சோடா ஸ்பிரிங்ஸில் டாம் சிம்ஸ் நடத்திய ஹாஃப்பைப் போட்டியும் அத்தகையவை. 1990களின் தொடக்கத்தில் சர்வதேச ஸ்நோபோர்டு கூட்டமைப்பு என்ற தனி அமைப்பையும் உருவாக்கினர்.

விதிகள், நடுவர்கள், தரவரிசை, உலகப் பட்டம் ஆகிய அனைத்தும் ஆடுபவர்களின் சமூகத்திற்குள்ளிருந்தே உருவாயின. ஹோக்கன்சென் வந்து சேர்ந்தது அந்தச் சமூகத்திற்கு.

போட்டி வாழ்க்கை

ஹோக்கன்சென் தன் பதின்மூன்றாம் வயதளவில் ஸ்நோபோர்டிங்கைத் தொடங்கினார். மிக விரைவில் பர்ட்டன் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற அணியில் இடம்பெற்றார். அக்காலத்தில் அவ்வணியின் முதன்மை வீரர் அமெரிக்கரான கிரெய்க் கெல்லி (1966–2003). பல முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி, புகழின் உச்சியில் இருந்தபோதே போட்டிகளிலிருந்து விலகி, ஆளரவமற்ற மலைகளில் புதுப்பனியில் சறுக்குவதையே தன் தொழிலாக மாற்றிக்கொண்டவர். போட்டியில் வெல்வது மட்டுமே இவ்விளையாட்டின் நோக்கமல்ல என்ற எண்ணத்திற்கு முன்னுதாரணமாக அவர் இருந்தார். 2003-ல் கனடாவில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்.

ஹோக்கன்சென் 1991-ல், தன் பதினேழாம் வயது நிறைவதற்கு முன்பே ஐரோப்பியப் பட்டம் வென்றார். 1992, 1993, 1994, 1997 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்குக் கிடைத்தது. இத்துறையின் பழம்பெரும் போட்டியான யு.எஸ். ஓப்பனின் ஹாஃப்பைப் பிரிவில் 1992, 1993, 1995 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றார். சர்வதேச ஸ்நோபோர்டு கூட்டமைப்பின் உலகப் போட்டிகளில் 1993, 1995, 1997 என மூன்று முறை வென்றார். இருபத்து மூன்று வயதுக்குள் தன் பிரிவில் வெல்வதற்குரிய அனைத்தையும் அவர் வென்றிருந்தார்.

ஆட்டமுறை

ஹாஃப்பைப் என்பது சரிவான நிலத்தில் பனியால் அமைக்கப்படும் நீண்ட வாய்க்கால். ஒரு குழாயை நீளவாக்கில் பிளந்து வைத்தாற்போல் இருக்கும். வீரர் ஒரு பக்கச் சுவரில் ஏறி, விளிம்புக்கு மேலே காற்றில் எழும்பி, உடலைச் சுழற்றி, மீண்டும் அதே சுவரில் இறங்கி, எதிர்ச்சுவருக்குச் செல்கிறார். இவ்வாறு மாறிமாறித் தாவியபடியே கீழ்முனைவரை இறங்க வேண்டும். தாவும் உயரம், சுழற்சிகளின் எண்ணிக்கை, கடினம், தரையிறங்கும் நேர்த்தி ஆகியவற்றை நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

1990களின் ஹாஃப்பைப் இன்றுள்ளதைவிடச் சிறியது. இன்றைய பெரிய போட்டிகளில் சுவர்களின் உயரம் 22 அடி, அதாவது ஏறத்தாழ 6.7 மீட்டர். அன்றைய சுவர்கள் அதில் பாதியளவே இருந்தன. அவற்றைச் செதுக்கும் இயந்திரங்களும் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. வளைவுகள் சீராக இருப்பதில்லை. அத்தகைய சுவர்களிலிருந்தும் பிறர் எட்டாத உயரத்திற்கு எழும்பியது ஹோக்கன்செனின் தனித்தன்மையாகக் கூறப்படுகிறது. சுவரின் வளைவில் எந்த நொடியில் உடலை அழுத்த வேண்டும், எப்போது விடுவிக்க வேண்டும் என்பதை அறிந்து வேகத்தை இழக்காமல் மேலெழுவது இதன் அடிப்படை. காற்றில் அவசரமின்றித் தெரியும் உடல்நிலையும் அவருடைய பாணியின் பகுதி. அவர் காலத்து இளம் வீரர்கள் ஒளிநாடாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து அப்பாணியைப் பயின்றனர்.

ஒரு தாவல் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஸ்நோபோர்டிங்கில் ஒவ்வொருவருக்கும் இடக்காலோ வலக்காலோ முன்னே இருப்பது இயல்பு. அதை மாற்றிச் சறுக்குவது இடக்கை பழக்கமில்லாதவர் இடக்கையால் எழுதுவதைப் போன்றது. அவ்வாறு கால் மாறிய நிலையில் சுவரேறி, காற்றில் தலைகீழாகி, 720 பாகை, அதாவது இரண்டு முழுச் சுற்றுகள் சுழன்று இறங்கும் தாவலுக்கு ‘ஹோக்கன் ஃபிளிப்’ என்று பெயர்.

மவுண்ட் பேக்கர் வெற்றிகள்

ஹோக்கன்செனின் திறமை நடுவர்களின் ரசனையை மட்டும் சார்ந்ததல்ல என்பதற்கு மவுண்ட் பேக்கர் போட்டி சான்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள மவுண்ட் பேக்கர் உலகிலேயே அதிகப் பனி பெய்யும் இடங்களுள் ஒன்று. 1998-99 பருவத்தில் மட்டும் அங்கு 1,140 அங்குலம், அதாவது சுமார் 29 மீட்டர் பனி பெய்தது பதிவாகியுள்ளது. அங்கு 1985 முதல் ‘லெஜண்டரி பேங்க்ட் ஸ்லாலம்’ என்ற போட்டி நடைபெறுகிறது. இயற்கையான ஓடைப்பள்ளம் ஒன்றில், சாய்வான திருப்பங்கள் வழியே மிகக் குறைந்த நேரத்தில் இறங்க வேண்டும். நடுவர்கள் இல்லை, கடிகாரம் மட்டுமே. வெல்பவருக்குக் கிடைக்கும் புகழ்பெற்ற பரிசு, பொன்னிறம் பூசிய ஒட்டுநாடாச் சுருள். பழுதான காலணியையும் கையுறையையும் ஒட்டுநாடாவால் சுற்றிக்கொண்டு மலையேறிய தொடக்கக்காலத்தின் நினைவை அது தாங்கியிருக்கிறது.

ஹோக்கன்சென் அப்போட்டியில் 1995, 1996, 1998, 2000, 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் வென்றார். தாவலையும் சுழற்சியையும் மதிப்பிடும் ஹாஃப்பைப்பிலும், வேகத்தை மட்டுமே அளக்கும் பந்தயத்திலும் ஒருவரே முதலிடம் பெறுவது அரிது.

இரு கூட்டமைப்புகள்

1990களின் முற்பகுதியில் ஸ்நோபோர்டிங் வேகமாக வளர்ந்தது. முன்பு இளைஞர்களைத் துரத்திய மையங்கள் அவர்களை வரவேற்கத் தொடங்கின. அவர்களால் வருமானம் வந்தது. 1924 முதல் இயங்கிவந்த சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு (சுருக்கமாக ஃபிஸ்) அதுவரை இவ்விளையாட்டைக் கண்டுகொண்டதில்லை. 1990களின் நடுப்பகுதியில் அது தன் சொந்த ஸ்நோபோர்டிங் உலகக் கோப்பையைத் தொடங்கியது. 1996-ல் ஆஸ்திரியாவின் லியன்ஸ் நகரில் தன் முதல் உலகப் பட்டப் போட்டியையும் நடத்தியது.

1995-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு ஸ்நோபோர்டிங்கை 1998 நாகானோ ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவுசெய்தது. அதன் நிர்வாகப் பொறுப்பு ஃபிஸ் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. வீரர்கள் உருவாக்கிய சர்வதேச ஸ்நோபோர்டு கூட்டமைப்புக்கு அதில் பங்கில்லை.

ஒலிம்பிக் குழுவின் பார்வையில் இது இயல்பான முடிவு. பனிச்சறுக்கு சார்ந்த பிற ஒலிம்பிக் பிரிவுகளை ஃபிஸ் ஏற்கெனவே நடத்திவந்தது. அதற்கு உலகெங்கும் தேசிய உறுப்பு அமைப்புகள் இருந்தன. ஆனால் வீரர்களுக்கு இதன் பொருள் வேறு. நாகானோவில் கலந்துகொள்ள விரும்புபவர் ஃபிஸ் நடத்தும் போட்டிகளில் ஆடி அங்கேயே தகுதிப்புள்ளிகள் பெற வேண்டும். தங்கள் சொந்தக் கூட்டமைப்பின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தாலும் அது கணக்கில் வராது. தேசிய அணியின் சீருடை அணிய வேண்டும். தங்களை ஆதரிக்கும் நிறுவனங்களின் பெயர்களைக் காட்டுவதிலும் கட்டுப்பாடுகள் இருந்தன.

நாகானோ புறக்கணிப்பு

1998 தொடங்கும்போது ஹோக்கன்சென் நடப்பு உலகப் பட்டத்தை வைத்திருந்தார். ஒலிம்பிக்கிற்கான தகுதிப் போட்டிகளில் அவர் பங்கேற்கவில்லை. நாகானோவுக்குச் செல்லப்போவதில்லை என்பதை வெளிப்படையாக அறிவித்தார்.

அவர் முன்வைத்த காரணங்கள் மூன்று வகைப்பட்டவை. முதலாவது, நிர்வாகம் பற்றியது. ஸ்நோபோர்டிங்கை வளர்த்தவர்களை விட்டுவிட்டு, அதை முன்பு ஏற்க மறுத்த பனிச்சறுக்கு அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைத்தது தவறு என்றார். இரண்டாவது, தேசியம் பற்றியது. ஸ்நோபோர்டிங் வீரர்கள் நாடு கடந்து நண்பர்களாகப் பயணம் செய்து ஆடுபவர்கள். அவர்களைக் கொடிகளின் கீழ் பிரித்து நிறுத்துவது இவ்விளையாட்டின் இயல்புக்குப் பொருந்தாது என்று கருதினார். மூன்றாவது, ஒலிம்பிக் குழுவின் நடத்தை பற்றியது. அக்குழுவின் பணபலத்தையும், யாருக்கும் பதில் சொல்லாத அதன் அதிகார முறையையும் கடுமையாக விமர்சித்தார். அதன் தலைவர்களைக் குற்றக்கும்பலோடு ஒப்பிட்டும் பேசினார். அப்போது ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர் ஸ்பெயினின் ஹுவான் அந்தோனியோ சமராஞ்ச்.

இருபத்து மூன்று வயது வீரரின் மிகைப்பேச்சு என்று அவருடைய சொற்கள் அன்று ஒதுக்கப்பட்டன. ஆனால் அதே ஆண்டின் இறுதியில், 2002 ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பைப் பெறுவதற்காக அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி தரப்பினர் ஒலிம்பிக் குழு உறுப்பினர்களுக்குப் பரிசுகளும் சலுகைகளும் வழங்கிய விவகாரம் வெளியாகியது. 1999 மார்ச்சில் ஒலிம்பிக் குழு தன் உறுப்பினர்கள் 6 பேரை வெளியேற்றியது. வேறு சிலர் தாமாகவே பதவி விலகினர்.

நாகானோவில் நிகழ்ந்தவை

ஹோக்கன்சென் இல்லாமலேயே நாகானோ போட்டிகள் நடந்தன. ஆண்கள், பெண்கள் இரு பாலருக்கும் ஜயண்ட் ஸ்லாலம், ஹாஃப்பைப் என இரு பிரிவுகள் இருந்தன. ஆண்கள் ஹாஃப்பைப்பில் சுவிட்சர்லாந்தின் ஜியான் சிம்மென் தங்கமும், நார்வேயின் டேனியல் ஃபிராங்க் வெள்ளியும், அமெரிக்காவின் ராஸ் பவர்ஸ் வெண்கலமும் பெற்றனர். பெண்கள் ஹாஃப்பைப்பில் ஜெர்மனியின் நிக்கோலா தோஸ்ட் வென்றார்.

ஆண்கள் ஜயண்ட் ஸ்லாலமில் முதலிடம் பெற்றவர் கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டி. ஒலிம்பிக் ஸ்நோபோர்டிங்கின் முதல் தங்கம் அது. சில நாட்களில் அவருடைய உடலில் கஞ்சாவின் கூறு இருந்ததாகக் கூறி ஒலிம்பிக் குழு பதக்கத்தைப் பறித்தது. நண்பர்கள் புகைத்த இடத்தில் தான் இருந்ததே காரணம் என்று அவர் விளக்கமளித்தார். விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வேறோர் அடிப்படையில் பதக்கத்தை அவருக்கே திருப்பியளித்தது. அப்பொருளைத் தடைசெய்வது குறித்து ஒலிம்பிக் குழுவுக்கும் ஃபிஸ் அமைப்புக்கும் இடையே தெளிவான உடன்பாடு இருக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

ஒலிம்பிக்கில் ஸ்நோபோர்டிங்கின் முதல் வாரமே இரண்டு செய்திகளால் நினைவுகொள்ளப்படுகிறது. ஒன்று, பறிக்கப்பட்டுத் திரும்பிய பதக்கம். மற்றொன்று, வராத வீரர். ஹாஃப்பைப்பில் தங்கம் வென்ற சிம்மெனின் சாதனை அவற்றின் நிழலில் மறைந்தது. ஹோக்கன்சென் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அவரது வெற்றியோடு எப்போதும் ஒட்டிக்கொண்டது. புறக்கணிப்பின் விலையை அதில் தொடர்பில்லாத ஒருவரும் சுமக்க நேர்ந்தது.

ஆர்க்டிக் சேலஞ்ச்

ஹோக்கன்சென் மறுப்பதோடு நிற்கவில்லை. 1990களின் இறுதியில் டேனியல் ஃபிராங்குடன் சேர்ந்து நார்வேயில் ‘ஆர்க்டிக் சேலஞ்ச்’ என்ற போட்டியைத் தொடங்கினார். நாகானோவுக்குச் சென்று வெள்ளி வென்றவரும், செல்ல மறுத்தவரும் கூட்டாக இதை நிறுவியது குறிப்பிடத்தக்கது.

இப்போட்டியில் நாட்டு அணிகள் இல்லை. வீரர்கள் தனி மனிதர்களாக அழைக்கப்பட்டனர். சரிவுகளை எப்படி வடிவமைப்பது, எந்த நாளில் போட்டியை நடத்துவது, எவ்வாறு மதிப்பிடுவது என்பவற்றில் ஆடுபவர்களின் குரலுக்கு இடமிருந்தது. வானிலை மோசமானால் ஒளிபரப்பு நேரத்திற்காக வீரர்களைக் களத்தில் தள்ளாமல், நல்ல நாளுக்காகக் காத்திருப்பது இத்தகைய போட்டிகளின் கொள்கை.

2007-ல் ஓஸ்லோவில் நடந்த ஆர்க்டிக் சேலஞ்சில் ஹோக்கன்செனே களமிறங்கினார். குவார்ட்டர்பைப் எனப்படும் ஒற்றைச் சுவரிலிருந்து, ஒரு முழுச்சுற்றுச் சுழன்றபடி விளிம்புக்கு மேலே 9.8 மீட்டர் உயரம் எழும்பினார். அது அப்போது உலகச் சாதனை. அதற்கு முன் ஃபின்லாந்தின் ஹெய்க்கி சொர்சா 2001-ல் இதே போட்டியில் 9.3 மீட்டர் எட்டியிருந்தார். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரத்தைத் தொட்டபோது ஹோக்கன்செனுக்கு வயது 32.

2002-ல் சர்வதேச ஸ்நோபோர்டு கூட்டமைப்பு கலைந்தது. ஒலிம்பிக்கில் இடமில்லாத அமைப்பால் தொடர்ந்து இயங்க முடியவில்லை. அதே காலகட்டத்தில், தனித்தனியே நடந்துவந்த சுதந்திரப் போட்டிகளை இணைத்து ‘டிக்கெட் டு ரைட்’ என்ற சுற்று உருவாகியது. ஆர்க்டிக் சேலஞ்ச் அதன் முதன்மைப் போட்டிகளுள் ஒன்றாக இருந்தது. 2012-ல் ஃபிஸ் அமைப்பைச் சாராத உலக ஸ்நோபோர்டிங் பட்டப் போட்டி ஓஸ்லோவில் நடைபெற்றது.

மலைகளும் திரைப்படங்களும்

ஸ்நோபோர்டிங்கில் தொழில்முறை வீரரின் வருமானம் பதக்கங்களை மட்டும் சார்ந்ததல்ல. ஆதரவு நிறுவனங்கள், வீரரின் பெயரில் விற்கப்படும் பலகைகள், படச்சுருள்கள் ஆகியவை முக்கியமானவை. பர்ட்டன் நிறுவனம் ஹோக்கன்செனின் பெயரில் பலகைகளை வெளியிட்டது. 1996-ல் அவரை மையமாகக் கொண்ட ‘சப்ஜெக்ட் ஹோக்கன்சென்’ என்ற படம் வந்தது.

2005-ல் வெளியான ‘ஃபர்ஸ்ட் டிசென்ட்’ என்ற ஆவணப்படம் அவரைப் பரவலான பார்வையாளர்களிடம் கொண்டுசென்றது. வெவ்வேறு தலைமுறைகளைச் சேர்ந்த ஐந்து வீரர்கள் அலாஸ்காவின் செங்குத்தான மலைகளில் இறங்குவதை அது காட்டுகிறது. ஷான் ஃபார்மர், நிக் பெராட்டா, ஹோக்கன்சென் ஆகியோருடன் அடுத்த தலைமுறையின் ஹன்னா டீட்டரும் ஷான் வைட்டும் அதில் இடம்பெற்றனர். டீட்டர், வைட் இருவரும் அடுத்த ஆண்டே இத்தாலியின் டூரின் ஒலிம்பிக்கில் ஹாஃப்பைப் தங்கம் வென்றனர். ஒலிம்பிக்கை மறுத்தவரும், அதன் வழியே உலகப்புகழ் பெறவிருந்தவர்களும் ஒரே மலையில் ஒன்றாகச் சறுக்கிய பதிவு அது.

தொடர்ந்த பூசல்

நாகானோவுக்குப் பின் ஒலிம்பிக் ஸ்நோபோர்டிங் வளர்ந்தது. 2002-ல் சால்ட் லேக் சிட்டியில் ஆண்கள் ஹாஃப்பைப்பின் மூன்று பதக்கங்களையும் அமெரிக்கர்கள் வென்றனர். ஷான் வைட் 2006, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் தங்கம் பெற்று, இவ்விளையாட்டை அறியாதவர்களும் அறிந்த பெயராகினார்.

2014-ல் ரஷ்யாவின் சோச்சி நகரில் ஸ்லோப்ஸ்டைல் என்ற பிரிவு சேர்க்கப்பட்டபோது பழைய சிக்கல் மீண்டும் எழுந்தது. தடைகளும் தாவுமேடைகளும் கொண்ட சரிவில் இறங்கும் அப்பிரிவை வளர்த்தவை சுதந்திரப் போட்டிகள். ஆனால் ஒலிம்பிக் தகுதி இம்முறையும் ஃபிஸ் போட்டிகளின் வழியாகவே வழங்கப்பட்டது. ஹோக்கன்சென் இதையும் வெளிப்படையாக விமர்சித்தார்.

விமர்சனங்கள்

ஹோக்கன்செனின் நிலைப்பாட்டுக்கு எதிரான வாதங்களும் உண்டு. மறுப்பது அவருக்கு எளிதாக இருந்தது என்பது முதல் வாதம். அவருக்கு ஏற்கெனவே புகழும் நிலையான வருமானமும் இருந்தன. பெரிய நிறுவனத்தின் ஆதரவில்லாத வீரருக்கு, குறிப்பாகப் பணமில்லாத நாடுகளின் வீரருக்கு, ஒலிம்பிக்கே அரசு உதவிக்கும் பயிற்சிக்கும் வழி. ஆதரவு நிறுவனத்தைச் சார்ந்து வாழ்பவர் ஒலிம்பிக்கின் வணிகத்தன்மையைக் குறைசொல்வதில் முரண் உள்ளது என்பதும் கூறப்பட்டது.

பெண்களின் நிலையும் கருதத்தக்கது. ஒலிம்பிக்கில் முதல் ஆண்டிலிருந்தே ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் பிரிவுகள் இருந்தன. ஒளிப்படங்களிலும் ஆதரவு ஒப்பந்தங்களிலும் ஆண்களே முன்னிறுத்தப்பட்ட காலத்தில், வீராங்கனைகள் உலகத்தின் முன் சமமாக நிற்கக்கூடிய மேடையாக அது அமைந்தது.

இன்னொரு வாதம், அந்தப் புறக்கணிப்பு தனிமனிதச் செயலாகவே முடிந்தது என்பது. பெரும்பாலான வீரர்கள் நாகானோவுக்குச் சென்றனர். கூட்டு மறுப்பாக அது மாறியிருந்தால் ஒலிம்பிக் குழு பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கக்கூடும். ஒருவர் மட்டும் விலகியதால் போட்டி நிற்கவில்லை, நிர்வாகமும் மாறவில்லை.

வரலாற்று இடம்

நேரடி விளைவுகளை மட்டும் கணக்கிட்டால் ஹோக்கன்சென் தோற்றார் என்றே சொல்ல வேண்டும். அவர் ஆதரித்த கூட்டமைப்பு கலைந்தது. ஃபிஸ் நிர்வாகம் நிலைத்தது. ஒலிம்பிக் பதக்கமே ஸ்நோபோர்டிங்கின் உச்சம் என்று பொதுமக்கள் நம்பும் நிலையும் வந்தது.

ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி பிற விளையாட்டுகளுக்கும் பரவியது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கும் ஸ்கேட்போர்டிங்கும் சேர்க்கப்பட்டபோது, அவற்றை யார் நிர்வகிப்பது என்பது முக்கிய விவாதமாக இருந்தது. அலைச்சறுக்கு அவ்விளையாட்டுக்கே உரிய கூட்டமைப்பின் கீழ் ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஸ்கேட்போர்டிங்கில் சக்கரக் காலணி விளையாட்டுகளின் கூட்டமைப்பிடம் பொறுப்பு செல்வதை வீரர்கள் பலர் எதிர்த்தனர். பின்னர் அவ்வமைப்பும் ஸ்கேட்போர்டிங் கூட்டமைப்பும் இணைந்து புதிய அமைப்பு உருவாகியது. நாகானோவில் ஸ்நோபோர்டிங்குக்கு அத்தகைய இணைப்பும் நிகழவில்லை.

பொதுவாக விளையாட்டு வீரர்களின் வரலாறு அவர்கள் பெற்ற பதக்கங்களின் பட்டியலாக எழுதப்படுகிறது. ஹோக்கன்செனின் பட்டியலில் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருப்பதே ஸ்நோபோர்டிங் எங்கிருந்து வந்தது, யாரால் உருவானது என்பதை அடுத்தடுத்த தலைமுறை வீரர்களுக்கு நினைவூட்டுகிறது. மூன்று உலகப் பட்டங்கள், ஐந்து ஐரோப்பியப் பட்டங்கள், தன் பெயர் தாங்கிய தாவல், தான் உருவாக்கிய போட்டி ஆகியவற்றுடன் அந்த வெறுமையும் அவருடைய வாழ்க்கைச் சாதனைகளில் ஒன்றாகவே கருதப்படுகிறது.